சுவாமி மலையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

திருகோணமலையின் டச்பே கடற்கரையில் நின்று, கோணேஸ்வரர் கோயில் இருக்கும் சுவாமி மலைப் பாறையை ஃபோனில் படமெடுத்த என் மருமகன், வீட்டுக்கு வந்ததும் கணினியில் கூர்மையாக்கும் பொத்தானை நாலைந்து தடவை அழுத்தியிருக்கிறான். பாறை விளிம்பு முழுக்கச் சோக்கட்டியால் கீறியதுபோல் வெள்ளைக் கோடு. “மாமா, இதுக்கு எந்த சொப்ட்வெயர் நல்லம்?” என்று கேட்டான்.

சொப்ட்வெயரில் பிழை இல்லை. கூர்மையாக்கல் என்பதே அந்தக் கோட்டைப் போடுகிற வேலைதான். கண்ணுக்குப் பிடிபடாத அளவில் போட வேண்டும், அவ்வளவே.

கணக்காகப் பார்த்தால் எளிது. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில் இருண்ட பாறையின் வெளிச்ச அளவு 60, அதையொட்டிய வானம் 200 என்று வைப்போம். கணினி முதலில் படத்தின் நகல் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கும். ஒவ்வொரு புள்ளியையும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால், விளிம்பில் பாறை 107 ஆகவும் வானம் 153 ஆகவும் மாறும். மூலத்திலிருந்து இந்த மங்கல் நகலைக் கழித்தால் விளிம்பில் மட்டும் மிச்சம் இருக்கும்: பாறைப் பக்கம் –47, வானப் பக்கம் +47. அதில் பாதியை மூலத்தோடு கூட்டுங்கள். பாறை விளிம்பு ஏறக்குறைய 37க்கு இறங்கும், வான விளிம்பு 223க்கு ஏறும். படத்தில் புதிதாக ஒரு விவரமும் சேரவில்லை. எல்லை மட்டும் அழுத்தமாகிவிட்டது. நம் கண் எல்லையைப் பார்த்துத்தான் தெளிவை எடைபோடுகிறது, அதனால் ஏமாந்துபோகிறது.

இந்த முறைக்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்று பெயர். கூர்மையாக்கும் கருவிக்கு இப்படியொரு பெயரா என்று தோன்றும். ஃபிலிம் காலத்து இருட்டறையில் நெகட்டிவோடு மங்கலான நகலைச் சேர்த்து வைத்துப் பிரிண்ட் போட்டார்கள். அந்தப் பெயர்தான் கணினிக்கும் வந்தது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த ஒரு கருவி போதும் என்பது என் கருத்து. இலவசமாகக் கிடைக்கும் ‘கிம்ப்’ என்ற படத்திருத்த சொப்ட்வெயரிலேயே இருக்கிறது. அதில் மூன்று அளவுகளை மாற்றலாம். அமவுண்ட் என்பது கோடு எவ்வளவு அழுத்தம் என்பது. எல்லோரும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள், படத்தைக் கெடுப்பதோ பெரும்பாலும் ரேடியஸ். அது கோட்டின் அகலம். சுவாமி மலையடியிலுள்ள பிரட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானின் மயிர் தெரிய வேண்டுமானால் 1 அல்லது அதற்கும் கீழே வையுங்கள். 3, 4 என்று ஏற்றினால் மயிரெல்லாம் திரண்டு கம்பளிப் போர்வையாகிவிடும். மூன்றாவதான திரெஷோல்ட் சிறிய வித்தியாசங்களைத் தொடாமல் விடச் சொல்கிறது. இல்லாவிட்டால் மாலை வானத்தில் விழும், ‘இரைச்சல்’ எனப்படும் பொடிப் புள்ளிகளும் சேர்ந்து கூர்மையாகி, மணல் தூவியதுபோலாகும். ‘லைட்ரூம்’ என்ற சொப்ட்வெயர் வைத்திருப்பவர்கள் ஆல்ட் விசையை அழுத்தியபடி ‘மாஸ்கிங்’ என்ற அளவை இழுத்துப் பார்க்கலாம்: வெள்ளையாகத் தெரியும் இடங்களில் மட்டும்தான் கூர்மை விழும்.

படம் கொஞ்சம் ஃபோகஸ் தவறியிருந்தால் வேறு வழி உண்டு. மங்கல் எப்படி உண்டானது என்று ஊகித்து அதைப் பின்னோக்கிக் கணக்கிடும் முறை அது. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடியில் குறை தெரிந்தபோது, 1993இல் அதைத் திருத்தும்வரை வானியலாளர்கள் இப்படித்தான் படங்களைத் தேற்றினார்கள். ‘ரோதெரப்பி’ என்ற இலவச சொப்ட்வெயரில் அந்த வகைக் கருவி ஒன்று இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் எனக்கு ஒரு தயக்கம்: கோபுரத்துச் சிற்பம் தெளிவில்லை என்றால், அங்கே என்ன இருக்கக்கூடும் என்று அவை தாமாகவே வரைந்துவிடலாம்.

படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். அளவைக் குறைப்பதென்றால் முதலில் குறைத்துவிட்டு, அப்புறம் கூர்மையாக்குங்கள். ஃபோன் தரும் ஜேபெக் படம் உள்ளேயே ஒருமுறை கூர்மையாக்கப்பட்டுத்தான் வருகிறது. மருமகனின் வெள்ளைக் கோட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, மூலப்படத்தைத் திற, திருத்துவோம் என்றேன். அதன் மேலேயே சேமித்துவிட்டானாம். மறுநாள் பின்னேரம் திரும்பவும் டச்பேக்குப் போனோம்.