பத்து தடவை கரெக்டா ஓடுன ரோபோ பதினொண்ணாவது தடவை ஏன் முட்டுது?

ஸ்கூல் பசங்களோட ரோபோ போட்டில ஒரு அரை மணி நேரம் நின்னாலே போதும், இந்த டயலாக் காதுல விழுந்துரும்: "நேத்து நைட்டு பத்து தடவை ஓட்டிப் பாத்தோம் சார், பத்து தடவையும் கரெக்டா போச்சு". பொய்யில்ல, போயிருக்கும். கோட்ல ஒரு எழுத்து கூட மாத்தியிருக்க மாட்டாங்க (கோடுன்னா புரோகிராம், மேட்ல, அதாவது ரோபோ ஓடற விரிப்புல, இருக்கற கறுப்புக் கோடு வேற, தமிழ்ல ரெண்டும் ஒரே சத்தமா வந்து உயிரை வாங்குது, இனிமே புரோகிராம்னே சொல்லிக்கறேன்). ஆனா மேட்ல வச்சு பட்டனை அமுக்குனா, வளைவுல திரும்பாம நேரா போய் சுவத்துல முட்டி, சக்கரம் மட்டும் சும்மா சுத்திக்கிட்டு நிக்கும்.

1998ல ஆரம்பிச்ச ஃபர்ஸ்ட் லெகோ லீக் ஆகட்டும், 2004ல ஆரம்பிச்ச வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட் ஆகட்டும், ரோபோ கிளம்பிட்டா ரிமோட் கிடையாது. ஃபர்ஸ்ட் லெகோ லீக்ல ரோபோ ஆட்டத்துக்கு மொத்தமே ரெண்டரை நிமிஷம்தான். அதுக்குள்ள எல்லாத்தையும் ரோபோவே பாத்துக்கணும், ஆனா பிரச்சனை என்னன்னா தான் எங்க நிக்கிறோம்னே அதுக்குத் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டு இருபது அடி நட, அப்புறம் ரைட்ல திரும்புன்னு சொன்னா நம்ம எப்படி போவோமோ அப்படித்தான் அதுவும் போகுது.

புதுசா வர்ற பசங்க "3 செகண்ட் முன்னாடி போ"ன்னு எழுதுவாங்க. பேட்டரி ஃபுல்லா இருக்கும்போது 3 செகண்ட்ல போற தூரமும் இறங்குனப்புறம் போற தூரமும் ஒண்ணாவா இருக்கும்? அதனால கொஞ்சம் அடிபட்டவங்க நேரத்தை விட்டுட்டு சக்கரம் எத்தனை சுத்துன்னு எண்ணுவாங்க, மோட்டாருக்குள்ள இருக்கற என்கோடர் அதைச் சொல்லிரும். சக்கரத்தோட விட்டம் 5.6 செ.மீ.ன்னா ஒரு சுத்துக்கு சுமார் 17.6 செ.மீ., ஒரு மீட்டர் போக 5.7 சுத்து கிட்ட வரும். கணக்கு சுத்தமா இருக்குல்ல, ஆனா சக்கரம் வழுக்குனா என்கோடருக்கு அது தெரியாது. அதோட கிளம்பும்போது கையால வைக்கிறது ஒரே ஒரு டிகிரி கோணலா போச்சுன்னா 2 மீட்டர் தள்ளி மூணரை செ.மீ. விலகிரும், தூக்க வேண்டிய பொருள் இந்தப் பக்கம், ரோபோவோட கை அந்தப் பக்கம். இதுக்குத்தான் அனுபவமுள்ள டீம் அப்பப்ப ரோபோவை வேணும்னே பின்னாடி விட்டு சுவத்துல முட்ட வைக்கும். முதுகு சுவத்தோட ஒட்டிருச்சுன்னா கோணல் போச்சு, அங்கருந்து புதுக் கணக்கு. பாக்கறவங்க ரோபோ சொதப்புதுன்னு நினைப்பாங்க, எனக்கு அதைப் பாத்தாதான் அந்த டீம் மேல மரியாதை வரும்.

இப்ப அந்த கறுப்புக் கோட்டுக்கு வருவோம். ரோபோ கோட்டு மேல போகுதுன்னு எல்லாரும் நினைக்கிறோம், ஆனா கீழ தரையோட வெளிச்சத்தை அளக்கற சென்சார் ஒண்ணே ஒண்ணு இருந்தா அது போறது கோட்டோட ஓரத்துல. நடுவுல போச்சுன்னா எந்தப் பக்கம் விலகுனாலும் வெள்ளைதான் தெரியும், லெஃப்ட்ல விலகுனோமா ரைட்லயான்னு எப்படி கண்டுபிடிக்கும்? ஓரத்துல போனா பாதி கறுப்பு பாதி வெள்ளை, வெளிச்சம் கூடுனா வெள்ளைப் பக்கம் சாஞ்சுட்டோம், குறைஞ்சா கறுப்புப் பக்கம், அவ்ளோதான். கறுப்புல 10, வெள்ளைல 60ன்னு ரீடிங் வந்தா நடு 35, அதுலயே இருன்னு சொல்லணும்.

35க்கு மேலன்னா இப்படித் திரும்பு, கீழன்னா அப்படித் திரும்புன்னு மட்டும் எழுதுனா ஓடும், ஆனா வாலாட்டிக்கிட்டே ஓடும். எவ்வளவு விலகுச்சோ அந்த அளவுக்குத் திரும்புன்னு எழுதுனா ஆட்டம் நல்லாவே குறையும். அந்த விலகல் எவ்வளவு வேகமா மாறுதுன்னும் பாத்தா வளைவுல எகிறாது, பழைய விலகலை எல்லாம் கூட்டி வச்சும் பாத்தா முழு பிஐடி, இந்த மூணையும் சேத்துத் திருப்பற முறைக்கு அதான் பேரு. இது பசங்களுக்காகக் கண்டுபிடிச்சது இல்ல, 1922ல மினோர்ஸ்கிங்கற இன்ஜினியர் கப்பலைத் தானா திருப்பறதுக்கு போட்ட கணக்கு, சுக்கான் பிடிக்கறவங்க எப்படித் திருப்பறாங்கன்னு கவனிச்சுப் பாத்து எழுதுனது. அந்தக் கூட்டி வைக்கிற பாகம் மட்டும் ஸ்கூல் ரோபோவுக்கு பெருசா தேவைப்படாது, ஜீரோ போட்டுட்டுப் போயிடலாம்னுதான் நான் சொல்லுவேன்.

சரி, அந்த பத்து தடவை டீம். அவங்க ஓட்டிப் பாத்தது நைட்டு. போட்டி நடந்த ஹால்ல ஜன்னல் பக்கத்து டேபிள், மேட்ல வெயில் விழுது. சாதாரண ஐஆர் சென்சார் தானே அகச்சிவப்பு ஒளியை அடிச்சு திரும்பி வர்றதை அளக்கும், வெயில்லயும் அதே ஒளி நிறைய இருக்கு, அதுவும் சேர்ந்து உள்ள போயிரும். செக் பண்ணச் சொன்னேன், கறுப்புலயே 38 காட்டுச்சு. புரோகிராம்ல நடு 35. அதாவது ரோபோவைப் பொறுத்தவரைக்கும் அந்த மேட்ல கறுப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது! சென்சாரைச் சுத்தி கறுப்பு சார்ட் பேப்பரை வெட்டி பாவாடை மாதிரி ஒட்டுனாங்க, மேட்லயே வச்சு கறுப்பையும் வெள்ளையையும் திரும்ப அளந்து நடுவை மாத்துனாங்க. அடுத்த ரவுண்டுல வளைவைத் தாண்டுச்சு, பசங்க குதிச்ச குதியில பக்கத்து டேபிள் ஆடிப்போய் அங்க இருந்த டீமோட ரோபோ தடம் மாறிருச்சு, அதுக்கு நடுவர்கிட்ட தனியா ஒரு பஞ்சாயத்து.