பழைய பெட்ரோமாக்ஸுக்குப் புது வண்ணம் பூசுவதற்கு முன்

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கையோ, பரணில் கிடந்த தாத்தா காலத்துப் பம்ப் ஸ்டவ்வையோ புதுப்பித்துத் தரும்படி என் பட்டறைக்கு வருபவர்கள் உண்டு. அண்மைக் காலமாக, அந்த வேலையைத் தாமே செய்து பார்க்க விரும்பி வழி கேட்பவர்களும் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் விளக்கைப் பற்றவைக்கத்தான் அஞ்சுகிறார்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டுவதில் உள்ள ஆபத்தை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

சென்ற கோடையில் முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஓர் இளைஞர் பாதி சுரண்டிய ஸ்டவ் ஒன்றைக் கொண்டுவந்தார். டிரில்லில் கம்பி பிரஷ்ஷை மாட்டித் திண்ணையிலேயே தேய்த்திருக்கிறார். பம்ப் செருகும் கழுத்தைச் சுற்றி மட்டும் பச்சை வண்ணம் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் மாவுபோல் பறந்து ஜன்னல் விளிம்பிலும், மூன்று வயது மகளின் மிதிவண்டி இருக்கையிலும் படிந்துவிட்டதாக அவரே சொன்னார். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவும், குழந்தையை மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் காரீயம் (லெட் என்னும் நச்சு உலோகம்) உள்ளதா என்று பரிசோதிக்கவும் சொல்லி அனுப்பினேன்.

பழைய பச்சை, மஞ்சள் வண்ணங்களில் காரீயக் குரோமேட்டும், இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அடித்த 'ரெட் லெட்' அடிப்பூச்சில் காரீய ஆக்ஸைடும் இருப்பது சாதாரணம். வீட்டு உபயோக வண்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய பூச்சு எதுவானாலும் காரீயம் இருப்பதாகவே கொண்டு நான் வேலை செய்கிறேன். குழந்தைகளுக்கு இவ்வளவு காரீயம் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூக்கில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது.

நெருப்பில் வாட்டி உரிப்பது இன்னும் மோசம்; காரீயம் புகையாக எழும், பல எண்ணெய்த் தொட்டிகளின் இணைப்புகளில் உள்ள ஈயப்பற்றும் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். பெயிண்ட் ரிமூவர் வாங்குவதானால் மெத்திலீன் குளோரைடு கலந்ததைத் தவிர்த்துவிடுங்கள். ஏறத்தாழ 40 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவம் நம் ஊர் வெயிலில் வேகமாக ஆவியாகும். உடலுக்குள் சென்றால் கார்பன் மோனாக்ஸைடாக மாறும். மூடிய அறையில் அதைப் பயன்படுத்தி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

பித்தளை, இரும்புத் தொட்டிகளைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மூங்கில் சில்லால் ஈரத்தோடு வழித்தெடுப்பதே என் வழக்கம். அலுமினியப் பாகங்களை மட்டும் அதில் போடக்கூடாது, கறுத்து அரித்துவிடும். வழித்த சக்கையைத் தோட்டத்தில் கொட்டாமல் பையில் கட்டி வையுங்கள்.

வண்ணம் போனபின்தான் தொட்டியின் உண்மை நிலை தெரியும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்து, கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தபோது, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வெள்ளி வண்ணம் அடித்த விளக்கைக் கொண்டுவந்தார். வண்ணத்தின் கீழே எபாக்ஸிப் பசையும், அதன் கீழே தலைமுடி அளவில் ஒரு விரிசலும் இருந்தன. விளக்கு பல ஆண்டுகள் மாட்டுத் தொழுவத்தில் தொங்கியது என்று விசாரித்தபோதுதான் காரணம் விளங்கியது. பிரிட்டிஷ் இராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவே காரணம் என்பது 1921இல் தெளிவாயிற்று. விளக்குத் தொட்டியும் அதே பித்தளைதான். அம்மோனியா கலந்த பாலிஷால் அதைத் துலக்குவதையும் இக்காரணத்தால் நான் ஏற்பதில்லை.

எனவே புது வண்ணத்துக்கு முன் தொட்டியை நீரால் முழுதும் நிரப்பி, அழுத்தமானியின் சிவப்புக் கோடு வரை பம்ப் அடித்துக் கால்மணி நேரம் பாருங்கள். நீர் காற்றைப்போல் அழுந்தாது. அதனால் தொட்டி பிளந்தாலும் சிதறாது. பற்று வைத்த ஓரத்தில் வியர்வைபோல் ஒரு துளி அரும்பினாலும் அந்தத் தொட்டி அலமாரி அழகுக்கு மட்டுமே உரியது. பண்ருட்டிப் பெரியவருக்கு அன்று என் சொந்த விளக்கைக் கொடுத்தனுப்பினேன்.

தொட்டி தேறினால் மற்றதெல்லாம் எளிது. கடற்காற்றில் வெற்று இரும்பு ஒரே இரவில் துருவேறும் என்பதால் உரித்து உலர்த்திய அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூச்சு வெள்ளை பூத்துவிடும். தை பிறக்கும்வரை நான் காத்திருப்பேன். பர்னர் அருகிலுள்ள பாகங்களுக்குச் சூடு தாங்கும் வண்ணமே வேண்டும். அது முதல் இரண்டு மூன்று தடவை புகையும். அப்போது விளக்கை வாசலில் வைத்து எரியவிட்டுக் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.