விரல் மடங்கினால் பேய் என்று யார் சொன்னது?

அழுது மூச்சு வாங்கி விரல் மடங்கியதைப் பேய் பிடித்ததாக வீட்டார் நினைத்து, கடைசியில் என்னிடம் வந்தவர்கள், போன வாரம் வந்தவரோடு சேர்த்தால் இந்த வருஷம் நான்கு பேர். நான்கும் கிட்டத்தட்ட ஒரே கதை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தென் ஆப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பக்கம் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த நான்கு பேரில் ஒருவரின் கதை இது. சனிக்கிழமை சாயங்காலம். அக்கா தங்கைகள், நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று பதினோரு பேர் ஒரே ஹாலில். ஆவி, பழி, பூர்வஜென்மம் எல்லாம் இருக்கிற ஒரு தொடரை, வாரம் முழுக்கச் சேர்த்துவைத்து யூடியூபில் ஒன்றாகப் பார்ப்பார்கள். சென்னையில் இரவு 9 மணி என்றால் இங்கே மாலை 5:30, வேலை விட்டு வீடு வந்து சேராத நேரம். கரும்புத் தோட்டங்களுக்கு 1860-லிருந்து வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை இவர்கள், பாதிப் பேருக்கு வசனம் சப்டைட்டிலில்தான் புரியும். ஆனால் செத்துப்போன அம்மா ஆவியாக வந்து, தூங்குகிற மகளுக்குத் தலை பின்னிவிட்டுப் போகிற காட்சிக்குச் சப்டைட்டில் எதற்கு? ஹாலே அழுதது. மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்தபோது ஒருவர் மட்டும் நிறுத்தவில்லை.

நாற்பத்தாறு வயது. முதலில் விசும்பல், அப்புறம் வேகவேகமாக மூச்சு, அப்புறம் "அம்மா, அம்மா" என்று கத்தல். உதடு மரத்துப்போகிறது என்று சொல்லியிருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்கள் விறைத்துக் குவிந்து, மணிக்கட்டு கீழே வளைந்து, இரண்டு கையும் அப்படியே இறுகிவிட்டது. ஒரு பெண் மொபைலில் எடுத்த வீடியோவை நானே பார்த்தேன். அந்தக் கையைப் பார்த்ததும் பெரியம்மா ஒருவர் சொன்னது: "அவ அம்மா வந்துட்டா." அவ்வளவுதான், பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

மறுநாள் 'பார்க்கிறவர்' ஒருவரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். 3,000 ரேண்ட். எலுமிச்சை, தாயத்து, கூடவே ஒரு கட்டளை: இருபத்தொரு நாள் மாத்திரை எதுவும் போடக்கூடாது, உடம்பில் மருந்து இருந்தால் ஆவி வெளியே போகாதாம். அந்த அம்மா சர்க்கரை நோயாளி. பதினோராம் நாள் என்னிடம் கூட்டி வந்தபோது சர்க்கரை 24. தமிழ்நாட்டுக் கணக்கில் சொன்னால் 430. நாக்கு காய்ந்த தோல் மாதிரி இருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், பிழைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

அந்த விரல் விஷயத்தை எத்தனை தடவை சொன்னாலும் பரவாயில்லை, திரும்பச் சொல்கிறேன். அழுதுகொண்டே வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அப்போது தசைக்கும் நரம்புக்கும் கிடைக்கிற கால்சியம் குறையும், அதுதான் விரலை இழுத்து மடக்குகிறது, உதட்டை மரக்க வைக்கிறது. கரியமில வாயு குறைந்தால் மூளைக்குப் போகிற ரத்தமும் குறையும், தலை சுற்றுவது அதனால். நம்பிக்கை இல்லாதவர் கையும் இப்படி மடங்கும், பேயே கேள்விப்படாத குழந்தை கையும் மடங்கும். பிரசவ வலியில் வேகமாக மூச்சு வாங்குகிற பெண்ணுக்கும் இதே கைதான், அங்கே எந்த நர்சும் எலுமிச்சை தேடிப் போவதில்லை. மூச்சு நிதானமானால் கொஞ்ச நேரத்தில் விரல் தானாக விரியும். விபூதி பூசியதும் விரிந்தது என்கிறீர்கள், சரி, பூசும்போது எல்லோரும் அமைதியாகி, ஒருவர் நெற்றியைத் தொட்டு, மூச்சும் மெதுவாகியிருக்கும். விபூதி பூசுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நான் கோவிலுக்குப் போகாதவன் இல்லை. ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வரிசையில் நிற்கிறேன், காவடியில் அருள் வந்து ஆடுகிறவர்களைக் கை கூப்பித்தான் பார்க்கிறேன். அங்கே விரதம் இருக்கிறது, மேளம் இருக்கிறது, தாங்கிப் பிடிக்கப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், முடிந்ததும் ஆள் தெளிந்து வீட்டுக்குப் போகிறார். டிவி முன்னால் மூச்சுத் திணறுகிற பெண்ணை அதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

அவர் ஏன் அழுதார் என்று யாருமே கேட்கவில்லை. சர்க்கரை இறங்கி வீடு திரும்பிய பிறகு நான் கேட்டேன். அம்மா இறந்தது 2020 ஜூலையில், கொரோனாவில். அப்போதைய விதிப்படி இறுதிச் சடங்கில் 50 பேருக்கு மேல் கூடாது, ராத்திரி விழித்திருந்து துக்கம் காக்கக் கூடாது. உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, இவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தைச் சொந்தக்காரர்கள் மொபைலில் பார்த்தார்கள். அழ நேரமும் இல்லை, கூட அழ ஆளும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து பத்துப் பேர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. "டாக்டர், எங்க அம்மாவும் அப்படித்தான் பின்னுவாங்க, கடைசி முடிச்சு ரொம்ப இறுக்கிப் போடுவாங்க" என்றார்.

கூட்டமாகப் பார்த்து அழுவதில் தப்பே இல்லை. 'நாடகத்துக்குப் போய் அழுவாங்களா' என்று கேட்கிற கணவன்மார்கள் தயவுசெய்து சும்மா இருங்கள். ஆனால் இறந்து 12 மாசம் தாண்டியும் அனேகமாகத் தினமும் அந்த நினைப்பிலேயே தவித்து, வேலையும் வீடும் ஓடவில்லை என்றால் அது சிகிச்சை வேண்டிய துக்கம். 2022-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் அதைத் தன் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்துவிட்டது, சும்மா நான் சொல்வதில்லை.

இனி ஹாலில் யாருக்காவது மூச்சு வாங்கினால், டிவியை நிறுத்துங்கள். கூட்டத்தை வெளியே அனுப்புங்கள், பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் தொற்றும். ஒருவர் மட்டும் எதிரில் உட்கார்ந்து, மூக்கால் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டுக் காட்டுங்கள், சேர்ந்து செய்வார். பேப்பர் பையை வாயில் வைக்காதீர்கள், ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து. முகத்தில் அடிக்காதீர்கள். வீடியோ எடுக்காதீர்கள்! இன்சுலின் போட்டுவிட்டு, இந்தக் காட்சி முடியட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டவராக இருந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள், நடுக்கமும் வேர்வையும் சர்க்கரை குறைந்தாலும் வரும். நெஞ்சு அழுத்தம், ஒரு பக்கம் மட்டும் கை கால் விழுதல், வாய் கோணல் என்றால் எண்ணிக்கொண்டு உட்காராமல் 10177-ஐ அழையுங்கள், மொபைலில் 112. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் 0800 567 567, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்து இங்கே தமிழ் வாசிக்கிறவர்களே, இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆங்கிலத்திலாவது சொல்லிவிடுங்கள், அவருக்கு இந்த எழுத்து தெரியாது.

அந்த அம்மா போன வாரம் மாத்திரைக்கு வந்தபோது, தொடரை மறுபடி பார்க்கலாமா என்று தயங்கிக் கேட்டார். பாருங்கள், முதலில் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டு, தங்கச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள் என்றேன்.