பணவீக்கம்: வீங்குவது பணமா, விலையா?

1874 ஏப்ரலில் அமெரிக்காவின் நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு மசோதாவை நிறைவேற்றி, அதிபர் யுலிசஸ் கிராண்ட்டின் கையெழுத்துக்கு அனுப்பியது. வரலாற்றில் அதற்கு நிலைத்துவிட்ட பெயர் 'இன்ஃப்ளேஷன் பில்', அதாவது பணவீக்க மசோதா. பணவீக்கத்தைத் தடுக்க வந்த மசோதா அல்ல அது, உண்டாக்க வந்தது. 148 ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில், அதே காங்கிரஸ் 'இன்ஃப்ளேஷன் ரிடக்‌ஷன் ஆக்ட்' என்ற சட்டத்துக்கு வாக்களித்தது. முதலில் வளர்க்க ஒரு மசோதா, பிறகு குறைக்க ஒரு சட்டம். ஆனால் இரண்டிலும் வரும் 'இன்ஃப்ளேஷன்' ஒரே பொருள் தருவதில்லை. சொல் அப்படியே இருக்க, பொருள் நகர்ந்துவிட்டது. தமிழில் நாம் இரண்டுக்கும் 'பணவீக்கம்' என்றே எழுதுகிறோம்; சிக்கல் அங்கேதான்.

வேர் லத்தீன். 'ஃப்ளாரே' என்றால் ஊதுதல். 'இன்ஃப்ளாரே' என்றால் உள்ளே ஊதுதல். பணத்தோடு ஒட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தச் சொல் ஆங்கிலத்தில் மருத்துவச் சொல்லாக இருந்தது: வயிற்றில் வாயு சேர்ந்து உப்பிக்கொள்வது. பொருளாதாரத்தில் அது நுழைந்தது பிறகுதான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கையிருப்புத் தங்கத்துக்கு மேல் காகிதப் பணம் அடிக்கப்பட்டபோது, 'பணத்தை ஊதிப் பெருக்குகிறார்கள்' என்ற பொருளில் இது வழக்குக்கு வந்தது. ஊதிப் பெருத்தது பணம். விலை ஏறியது அதன் விளைவு மட்டுமே.

1874 மசோதா அந்தப் பொருளில்தான் தன் பெயரைப் பெற்றது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862 முதல் அமெரிக்க அரசு தங்கத்தின் பின்பலம் இல்லாத தாள் பணம் வெளியிட்டது. பின்பக்கம் பச்சை மையில் அச்சானதால் 'கிரீன்பேக்' என்று பெயர். 1873இல் வங்கிகள் விழுந்து பெரும் மந்தம் வந்தது. விளைச்சலுக்கு விலை கிடைக்காத மேற்கு, தெற்குப் பகுதி விவசாயிகளுக்குப் பணத்தட்டுப்பாடே பகையாகத் தெரிந்தது. தாள் பணம் பெருகினால் தானிய விலை ஏறும். வாங்கிய கடனோ எழுதிய தொகையிலேயே நிற்கும். கடன்பட்டவனுக்கு இது நல்ல கணக்குதான். கிரீன்பேக்கின் உச்சவரம்பை 40 கோடி டாலராக்க காங்கிரஸ் வாக்களித்தது. ஏப்ரல் 22 அன்று கிராண்ட் தன் மறுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அதைக் கடந்து நிறைவேற்றும் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

'விரலுக்கேற்ற வீக்கம்' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அன்றைய சண்டையே அதுதான்: நாட்டின் பண்டத்துக்கேற்ற அளவு பணம் எவ்வளவு? அந்த இடத்தில் 'பணவீக்கம்' என்ற தமிழ்ச்சொல் கச்சிதமாக உட்காருகிறது. பணம், வீக்கம். வேறு விளக்கம் தேவையில்லை.

அக்கம்பக்கத்து மொழிகளும் இதே வார்ப்பில்தான் செய்திருக்கின்றன. மலையாளத்தில் 'நாணயப்பெருப்பம்', கன்னடத்தில் 'ஹணதுப்பர', இந்தியில் 'முத்ராஸ்பீதி'. எல்லாவற்றிலும் பெருப்பது காசுதான். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சொல் மெல்ல இடம் மாறியது. இன்று 'இன்ஃப்ளேஷன்' என்றால் பொதுவாக விலைகள் ஏறும் வேகம்; பணம் பெருகியதால் ஏறியதா, எண்ணெய் தட்டுப்பட்டதால் ஏறியதா, கப்பல் வராததால் ஏறியதா என்பது தனி வழக்கு. ஆங்கிலம் பொருளை மாற்றிக்கொண்டபோது, நாம் வைத்த பெயர் பழைய பொருளோடு நின்றுவிட்டது.

2022க்கு வருவோம். அந்த ஜூனில் அமெரிக்காவின் நுகர்வோர் விலை உயர்வு ஓராண்டுக்கு 9.1 விழுக்காடு, 40 ஆண்டுகளில் காணாத வேகம். அதற்கு முன்பே அதிபர் பைடனின் பெரிய செலவுத் திட்டம் ஒன்று 'பில்ட் பேக் பெட்டர்' என்ற பெயரில் கீழவையில் நிறைவேறி, மேலவையான செனட்டில் சொந்தக் கட்சி உறுப்பினர் ஜோ மான்சினின் எதிர்ப்பால் முடங்கிக் கிடந்தது. விலைவாசியைக் கிளறிவிடும் என்பது அவர் அச்சம். ஜூலை கடைசியில் சுருக்கப்பட்ட வடிவம் ஒன்று வந்தது, 'இன்ஃப்ளேஷன் ரிடக்‌ஷன் ஆக்ட்' என்ற புதிய பெயரோடு. பெயரிலேயே மருந்து தடவியிருந்தார்கள்.

செனட்டில் இரவு முழுக்கத் திருத்தங்கள் மீது வாக்கெடுப்பு ஓடியது.   ஆகஸ்ட் 7 அன்று இறுதி வாக்கெடுப்பில் இரு பக்கமும் 50. அவைக்குத் தலைமை வகித்த துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கால் 51க்கு 50 என நிறைவேறியது. ஆகஸ்ட் 12 அன்று கீழவையில் 220க்கு 207. 16ஆம் தேதி பைடன் கையெழுத்திட்டார்.

உள்ளே இருந்தது என்ன? எரிசக்திக்கும் பருவநிலைக்கும் சுமார் 36,900 கோடி டாலர், மூத்த குடிமக்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு மருந்து விலையைப் பேரம் பேசும் அதிகாரம், 100 கோடி டாலருக்கு மேல் லாபம் பார்க்கும் பெருநிறுவனங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரி. நாடாளுமன்றத்தின் சொந்த வரவுசெலவு ஆய்வு அலுவலகமே, விலையேற்றத்தின் மீது உடனடித் தாக்கம் பெயருக்குத்தான் இருக்கும் என்று கணித்தது. ஓராண்டு கழித்து, இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டாம் என்று பைடனே சொன்னார்.

இந்தச் செய்தியைத் தமிழில் 'பணவீக்கக் குறைப்பு' என்று படிக்கும் ஒருவர் என்ன எதிர்பார்ப்பார்? காலில் வீக்கம் வந்தால் ஒத்தடம் கொடுக்கிறோம், வீக்கம் வடிகிறது, கால் பழைய அளவுக்குத் திரும்புகிறது. 'வீக்கம் குறைந்தது' என்றால் தமிழ்க் காதுக்கு அதுதான் பொருள். பணவீக்கத்தில் அப்படி நடப்பதில்லை. அமெரிக்காவில் 9.1ஆக இருந்தது 2023 ஜூனில் 3 விழுக்காடாக இறங்கியது. 2021 ஜூனில் 100 டாலருக்கு வாங்கிய பொருள்கூடை 2022 ஜூனில் 109 ஆகி, 2023 ஜூனில் 112ஐத் தாண்டியது. வீக்கம் குறைந்தது என்கிறார் அமைச்சர். கடையில் விலை கூடியிருக்கிறது என்கிறார் வாங்குபவர். இருவருமே பொய் சொல்லவில்லை, உவமைதான் காலை வாருகிறது.

'விலையேற்றம்' என்று சொல்லிப் பாருங்கள். மலைச்சாலையில் ஏற்றம் குறைந்தது என்றால் வண்டி கீழே இறங்குகிறது என்று யாரும் நினைப்பதில்லை. இன்னும் மேலேதான் போகிறது, செங்குத்து மட்டும் தணிந்திருக்கிறது. பொருளியலார் சொல்ல விரும்புவதும் அதையேதான். புதிதாக ஆக்கவேண்டிய சொல்கூட இல்லை, சந்தையில் புழங்குவதே. 'விலை உயர்வு' என்றாலும் தவறில்லை, மலைச்சாலையின் படம் மட்டும் அதில் இல்லை.

'விலைவாசி'யைப் பற்றியும் ஒரு சொல். 'வாசி' என்றால் விகிதம், வேறுபாடு. அரைவாசி, கால்வாசி என்பதில் வருவது. காசு மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் கழிவுக்கும் அதே பெயர். 7ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோது திருவீழிமிழலையில் சம்பந்தருக்குக் கிடைத்த காசு மாற்றுக் குறைந்ததால் கடைக்காரர்கள் வாசி கேட்டார்களாம். 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று இறைவனிடமே முறையிட்டார் அவர். விலையைக் குறை சொல்லாமல் காசைக் குறை சொன்னார் என்பதைக் கவனியுங்கள். 1874இல் கிராண்ட்டின் பக்கம் நின்றிருப்பார்.

'மசோதா'வும் வந்த சொல்தான். அரபியில் 'முசவ்வதா' என்றால் மையால் கறுக்கப்பட்டது, அதாவது வரைவுத் தாள். தமிழக ஆவணங்களில் 'சட்டமுன்வடிவு', இலங்கையில் 'சட்டமூலம்'. மூன்றும் புழங்கட்டும், யாரும் குழம்பப்போவதில்லை.

குழப்புவது பணவீக்கம்தான். அந்தச் சொல்லைத் தூக்கி எறியவேண்டியதில்லை. நாணயம் பெருகுவதைப் பேசும்போது அதற்கு இணை இல்லை. கிராண்ட் மறுத்தது பணவீக்க மசோதா. பைடன் கையெழுத்திட்டதை 'விலையேற்றத் தணிப்புச் சட்டம்' என்று எழுதலாம். 'குறைப்பு' வேண்டாம், தணிவது ஏற்றத்தின் வேகம், விலை அல்ல.