உங்களுக்கு எத்தனை கார்த்திக்கைத் தெரியும்?

புதுச்சேரி முத்தியால்பேட்டை வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவத்தை நிரப்பும்போது ஏதோ சந்தேகம் வர, விவரம் தெரிந்த ஒரு கார்த்திக்கைக் கூப்பிடலாம் என்று போனில் தேடியிருக்கிறார். ஏழு பேர் வந்து நின்றிருக்கிறார்கள். கார்த்திக் கேஸ், கார்த்திக் காலேஜ், கார்த்திக் நெல்லித்தோப்பு, கார்த்திக் பாப்பா ஸ்கூல் என்று வரிசையாக. "எனக்கு மட்டும்தான் இப்படியா, எல்லாருக்கும் இப்படித்தானா?" என்று கேட்கிறார். தன் வயது 33 என்றும் எழுதியிருந்தார். அதை எழுதியது ரொம்ப நல்லதாகப் போயிற்று, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கேள்வி சின்னதுதான். ஆனால் அந்த 'ஏழு' மாதிரி சில எண்களை வைத்துக்கொண்டு, ஒருவருக்கு மொத்தம் எத்தனை பேரைத் தெரியும் என்று கணக்குப் போட்டுவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்குகளில் இது ஒன்று.

உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும் என்று திடீரென்று கேட்டால் பதில் வராது. இருநூறா, இரண்டாயிரமா? போனில் இருப்பவர்களை எண்ணினால் ஒருமுறை வந்துபோன பிளம்பரும் இருப்பார், தினமும் பார்க்கிற பூக்கார அம்மா இருக்கமாட்டார். அதனால் ஆய்வாளர்கள் முதலில் 'தெரிந்தவர்' என்பதற்கே ஒரு வரையறை வைத்தார்கள். உங்களுக்கு அவரைத் தெரிய வேண்டும், அவருக்கும் உங்களைத் தெரிய வேண்டும், வேண்டுமென்றால் தொடர்புகொள்ள முடிய வேண்டும், கடந்த 2 வருடத்தில் ஒருமுறையாவது நேரிலோ போனிலோ பேசியிருக்க வேண்டும். சரி, வரையறை கிடைத்துவிட்டது. இருந்தாலும் உட்கார்ந்து எண்ண முடியாது. யாராலும் முடியாது.

இங்கேதான் பெயர் உதவிக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 12,47,953 பேர். அதில் ஐந்து பெயர்களைத் தேர்ந்தெடுக்கிறோம், அந்த ஐந்து பெயர்களும் உடையவர்கள் சேர்த்து 20,000 பேர் என்று வைத்துக்கொள்வோம் (இது கணக்குக்காக நான் வைத்த எண்). அந்த 20,000 பேரில் உங்களுக்கு 8 பேரைத் தெரியும் என்றால், இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு ஒருவர் என்ற விகிதம். மற்ற பெயர்க்காரர்களிலும் உங்களுக்கு அதே விகிதத்தில்தான் ஆட்களைத் தெரிந்திருக்கும் என்று கொண்டால், 12,47,953-ஐ 2,500-ஆல் வகுத்தால் முடிந்தது, கிட்டத்தட்ட 500 பேர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதேதான். இங்கே பதம் பார்க்க எடுக்கிற சோறு பெயர்.

இதை யோசித்தவர்களின் கதையும் நன்றாக இருக்கும். ரஸ்ஸல் பெர்னார்ட் மானுடவியலாளர், பீட்டர் கில்வொர்த் கடலியலாளர். கடல் நீரோட்டத்தைக் கணக்குப் போடுகிறவர் மனித உறவுகளையும் கணக்குப் போட வந்தார், இரண்டு துறைகளையும் கடைசிவரை விடவில்லை. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் பெரிய நிலநடுக்கம். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஆளுக்கு ஓர் எண் சொன்னார்கள். அப்போது இவர்கள் பிடித்த நூல் இதுதான்: செத்தவர்களில் ஒருவரையாவது தெரியும் என்று சொல்பவர்கள் நகரத்தில் எத்தனை சதவீதம், ஓர் ஆளுக்குச் சராசரியாக எத்தனை பேரைத் தெரியும், இந்த இரண்டும் கிடைத்தால் செத்தவர்களின் எண்ணிக்கையை மதிப்பிட்டுவிடலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூரில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அந்த வாரம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி 'உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?' என்பதுதான். அந்தக் கேள்விக்குள் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து.

முறைக்கு நெட்வொர்க் ஸ்கேல்-அப் என்று பெயர். அமெரிக்காவில் 1,370 பேரிடம் மைக்கேல், ராபர்ட், கிம்பர்லி, நிக்கோல் என்று 12 பெயர்களைச் சொல்லிக் கேட்டார்கள். அந்தப் பதில்களை 2010-இல் புதிதாக அலசிய ஆய்வில், ஓர் ஆளுக்குச் சராசரியாக 610 பேரைத் தெரியும் என்று வந்தது. சிலருக்கு ஆயிரக்கணக்கில் இருப்பதால் சராசரி மேலே ஏறிவிடுகிறது. வரிசையாக நிற்க வைத்தால் நடுவில் இருப்பவருக்கு 470 சொச்சம்தான்.

கணக்கு இவ்வளவுதான் என்றால் இதைப் பற்றி நான் எழுதவே வந்திருக்கமாட்டேன். இதில் இரண்டு இடங்களில் கால் இடறும், அந்த இரண்டுமே அருமையான இடங்கள்.

முதலாவது, நினைவு. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மாமாவிடம் கேட்டுப் பார்த்தேன். "மாமா, உங்களுக்கு எத்தனை செந்திலைத் தெரியும்?" டீயை ஆற்றிக்கொண்டே "நாலு பேர்" என்றார். அப்புறம் போனை எடுத்துத் தேடச் சொன்னேன், பதினொன்று. "தேவசகாயம்?" என்றேன். "ஒருத்தர்" என்றார், போனிலும் ஒருவர்தான். அதிகம் புழங்குகிற பெயர் என்றால் முதலில் நாலு முகம் வருகிறது, அத்தோடு மனசு திருப்தியாகிவிடுகிறது. அரிதான பெயர் என்றால் அந்த ஆள் நேரே வந்து நிற்பார். அதனால்தான் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு இருக்கிற பெயர்களை அளவுகோலாக வைக்கச் சொல்கிறார்கள். செந்திலும் கார்த்திக்கும் இதற்கு லாயக்கில்லாதவர்கள். வாசகியின் ஏழு போனில் இருக்கிற ஏழு, தலைக்குள் எத்தனை என்று அவர்தான் கேட்டுப்பார்க்க வேண்டும்.

இரண்டாவதைத்தான் என்னால் விட முடியவில்லை. பெயர்கள் ஊரில் விதை தூவினாற்போல் பரவிக் கிடப்பதில்லை, கொத்துக் கொத்தாக இருக்கின்றன. கடலூரில் கொஞ்ச நாள் இருந்தவருக்கு ஒரு தேவநாதனையாவது தெரிந்திருக்கும், ஏனென்றால் பக்கத்தில் திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி இருக்கிறார், பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பது இங்கே வழக்கம். மதுரைக்காரரிடம் போய் எத்தனை தேவநாதன் தெரியும் என்று கேட்டு, ஒருவரும் இல்லை என்றதும் 'பாவம், இவருக்கு ஆள் பழக்கமே இல்லை' என்று முடிவு கட்டினால் எப்படி? அதேபோல் காலம். கடலூர் முதுநகரில் பிறந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாளின் பெயர் எங்கள் பாட்டிகள் தலைமுறையில் தெருவுக்குத் தெரு இருந்தது, இன்றைக்கு எல்.கே.ஜி. வகுப்பில் கூப்பிட்டால் ஒரு குழந்தைகூடத் திரும்பாது. எழுபது வயதுப் பெண்மணிக்கு ஐந்து அஞ்சலை தெரிந்திருக்கும், அவர் பேத்திக்கு யாரும் இருக்கமாட்டார்கள். நாம் பெரும்பாலும் நம் வயது, நம் தெரு, நம் மதம், நம் சாதி என்ற வட்டத்துக்குள்தான் பழகுகிறோம், பெயர்களும் அதே வட்டங்களுக்குள்தான் சுற்றுகின்றன.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் இந்த முறையின் அழகே. ஒரு பெயரைத் திருத்த முடியாது, பெயர்களின் தொகுப்பைத் திருத்தலாம். அதாவது, தேர்ந்தெடுத்த பெயர்களை உடைய எல்லாரையும் ஒரு மைதானத்தில் கூட்டினால், அந்தக் கூட்டம் முழு மக்கள்தொகையின் குட்டி வடிவமாக இருக்க வேண்டும். ஊரில் அறுபது தாண்டியவர்கள் பத்தில் ஒருவர் என்றால் மைதானத்திலும் பத்தில் ஒருவர், ஊரில் பாதி பெண்கள் என்றால் அங்கேயும் பாதி. அப்படிச் செய்துவிட்டால் பாட்டிக்கு அஞ்சலை வழியாக ஏறுவது பேத்திக்கு வேறு பெயர் வழியாக ஏறிவிடும், தனித்தனிச் சாய்வுகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். புதுச்சேரிக்கு இதைச் செய்ய உட்கார்ந்து பாருங்கள், பொழுது போவதே தெரியாது. பாட்டிகளுக்கு அஞ்சலை, பெரியவர்களுக்கு கோதண்டம், தேவாலயத் தெருக்களுக்கு தேவசகாயம், மஸ்தான் சாகிப் தர்கா இருக்கும் காரைக்காலுக்கு மஸ்தான், மாஹேக்கு ஒரு மலையாளப் பெயர், ஏனாமுக்கு ஒரு தெலுங்குப் பெயர், சின்னப் பிள்ளைகளுக்கு 'ஷ்' என்று முடிகிற ஏதாவது ஒன்று. பத்துப் பன்னிரண்டு பெயருக்குள் ஒரு குட்டிப் புதுச்சேரி.

இந்தப் பாடெல்லாம் எதற்கு? நேரடியாகக் கேட்டால் பதில் வராத விஷயங்களை எண்ணுவதற்கு. பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் கடுமையான போதைப்பழக்கம் உள்ளவர்களின் எண்ணிக்கையை இந்த முறையில் மதிப்பிட்டார்கள். 'நீ போதைப்பொருள் எடுக்கிறாயா' என்று யாரையும் கேட்கவில்லை. 'எடுக்கிறவர்கள் எத்தனை பேரைத் தெரியும்' என்றுதான் கேட்டார்கள். யாரும் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம், யார் பெயரையும் சொல்ல வேண்டாம், எண்ணைச் சொன்னால் போதும். நம் பக்கத்தில் குடிநோயால் சீரழிந்தவர்கள் எத்தனை பேர், புருஷனிடம் அடிவாங்கும் பெண்கள் எத்தனை பேர் என்று இப்படிக் கேட்கலாம். கூட இருப்பவர்களுக்கே தெரியாமல் மறைக்கிற விஷயம் என்றால் எண் குறைவாகத்தான் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்களை, எந்த வருடம் எந்தப் பெயர் எத்தனை குழந்தைக்கு என்று அரசே வெளியிடுகிறது. ஆளைக் காட்ட வேண்டாம், எண்ணிக்கை மட்டும்தான். நம்மிடம் பிறப்புப் பதிவு இருக்கிறது, கணினியில் இருக்கிறது, மாவட்ட வாரியாக ஒரு அட்டவணை போட்டு வெளியிட ஆகிற செலவு கொஞ்சம்தான். இதில் வேலை செய்யப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தால் எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம். பெயருக்காக நாம் காசு செலவழிப்பது எங்கே? நியூமராலஜி பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டுவதற்கு. பெயர்தான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்றால் மாமாவின் பதினொரு செந்திலும் ஒரே மாதிரி வாழ்ந்திருக்க வேண்டும். ஒருவர் துறைமுகத்தில் படகு வைத்திருக்கிறார், ஒருவர் கடன் தாங்காமல் ஊரைவிட்டே போய்விட்டார். அந்தக் காசைக் குழந்தையின் படிப்புக்குச் செலவழியுங்கள்.

வாசகிக்கு வருகிறேன். 33 வயது, கல்லூரி வரை படித்தவர், ஊரிலேயே வேலை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிறந்த பையன்களிடம் கார்த்திக் கொட்டிக் கிடக்கிற பெயர், அவர் பழகுவதும் அந்த வயதுக்காரர்களோடுதான். ஏழு என்பது அவருக்குச் சாதாரணம். அவருடைய அம்மாவிடம் கேட்டால் ஒன்றோ இரண்டோ வரும்.

ஆனால் அம்மாவிடம் கேட்கும்போது கவனமாகக் கேட்க வேண்டும். அமெரிக்கக் கணக்குக்கு அடிப்படையே, மற்றது தெரியாவிட்டாலும் ஒருவரின் பெயர் தெரிந்திருக்கும் என்பதுதான். நம்மிடம் அது அப்படியே செல்லாது. அண்ணன், அக்கா, மேஸ்திரி, டீச்சர் என்றே வருடக்கணக்கில் பழகிவிடுகிறோம். வீட்டில் கூப்பிடுகிற பேர் ஒன்று, சர்டிபிகேட்டில் வேறு. எங்கள் தெருவில் ஒருவரை என் அம்மா 30 வருடமாக 'குமார் அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார். பட்டியல் திருத்தத்துக்கு வந்தவர் வீட்டு வாசலில் நின்று படிவத்தைப் பார்த்துப் பெயரைச் சத்தமாகப் படித்தபோதுதான் அவர் அஞ்சலை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய நாள் கேட்டிருந்தால், தனக்குத் தெரிந்த அஞ்சலைகளில் அம்மா ஒருவரைக் குறைத்துத்தான் சொல்லியிருப்பார்.