மலேரியா: பெயரில் தங்கிப்போன காற்று

பெங்களூர் அல்சூரில் எங்கள் சந்தில் தண்ணீர் விடும் நாள் பார்த்து நீல டிரம்மில் பிடித்து வைப்போம். ஒரு வாரம் மூடாமல் விட்டால் நூல் துணுக்கு மாதிரி புழுக்கள் நெளியும். போன மாதம் அப்படி ஒரு டிரம்மைக் கவிழ்த்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி, "எங்க காலத்துல காத்து சேரலைம்பாங்க, இப்ப எல்லாத்துக்கும் கொசுங்கிறீங்க" என்றார்.

மலேரியா என்ற சொல்லும் காற்றைத்தான் குற்றம் சொல்கிறது. இத்தாலிய மொழியில் 'மாலா' என்றால் கெட்ட, 'ஆரியா' என்றால் காற்று. சதுப்பு நிலத்து வாடைதான் காய்ச்சலைத் தருகிறது என்று நம்பி, இராக்காற்று படாமல் சன்னலைச் சாத்தினார்கள். ஆங்கிலத்திலும் முதலில் அந்தக் காற்றுக்குத்தான் இந்தப் பெயர்; நோய்க்கு அது பின்னால்தான் வந்தது. காரணம் தப்பு. ஆனால் சன்னலைச் சாத்தினால் கொசுவும் வராது, சதுப்பை வடித்தால் அது பெருகவும் இடமில்லை. பலன் கிடைத்ததால்தான் அந்த நம்பிக்கை அத்தனை காலம் நிலைத்தது என்பது என் எண்ணம்.

1880இல் அல்ஜீரியாவில் லவரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அதே ராஸ் 1883இல் நம் பெங்களூரில் ராணுவ மருத்துவராக இருந்தவர். பங்களா சன்னலுக்கு வெளியே இருந்த தொட்டியில் கொசுப்புழு நெளிவதைப் பார்த்துக் கவிழ்த்துவிட்டார், கொசு குறைந்தது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவு அப்போது அவருக்கே தெரியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? விஷக்காய்ச்சல், குளிர்காய்ச்சல் என்றெல்லாம் சொல்கிறார்கள். அவை வேறு பல காய்ச்சலுக்கும் பொருந்தும். கொசுக்காய்ச்சல் என்றால் டெங்குவும் அதில் அடங்கிவிடும். பழைய சொல்லான முறைக்காய்ச்சல்தான் சரி. முறை வைத்து வருவதால் அந்தப் பெயர். ஒட்டுண்ணிகள் சிவப்பணுக்களுக்குள் பெருகி ஒரே நேரத்தில் உடைத்து வெளியேறும்போது குளிர் தூக்கிப்போடும். வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணி வகையில் சுமார் 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை. காரணம் எதையும் சொல்லாமல் கண்ணால் கண்டதை மட்டும் சொன்ன பெயர் என்பதால் இன்றைக்கும் அதில் பிழை இல்லை.

பாட்டியிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். "அதேதான், ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாயங்காலமானா பல்லு கிட்டும்" என்றார். அப்புறம் தன் வீட்டு டிரம்மின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.