அடிபட்டபோது எதில் போய்க்கொண்டிருந்தீர்கள்?

சிங்கப்பூரில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். அலுவலகத்துக்கு வருபவர்களில் பலர் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள். உட்கார்ந்ததும் "எவ்வளவு கிடைக்கும்க்கா?" என்பார்கள். "அடிபட்டப்போ எதுல போய்க்கிட்டிருந்தீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கால் உடைந்து கிடக்கிறது, இவர் வண்டியைப் பற்றி விசாரிக்கிறாரே என்று சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. ஆனால் பணம் எந்த வழியாக வரும் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ஒரே டார்மிட்டரியில் இருந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவர் அறந்தாங்கிப் பக்கம், இன்னொருவர் பட்டுக்கோட்டைப் பக்கம். அறந்தாங்கிக்காரர் வேலை முடிந்து கம்பெனி லாரியின் பின்னால் உட்கார்ந்து திரும்பும்போது, லாரி முன்னால் நின்ற வண்டியில் மோதி இடுப்பு எலும்பு உடைந்தது. பட்டுக்கோட்டைக்காரர் ஓய்வு நாளில் சைக்கிளில் போய்ச் சாமான் வாங்கித் திரும்பும்போது கார் அடித்து முழங்கால் போனது. ஒரே மருத்துவமனை, கிட்டத்தட்ட ஒரே அளவு எம்.சி. (மருத்துவ விடுப்பு). ஆனால் இரண்டு பேருக்கும் சட்டம் வேறு.

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தம்பிகள் 'எம்.ஓ.எம். கேஸ்' என்பார்கள், மனிதவள அமைச்சு பார்த்துக்கொள்வதால். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால் அது வேலையில் அடிபட்டதற்குச் சமம். லாரிக்காரருக்கு இது பொருந்தும். பொதுப் பேருந்திலோ எம்.ஆர்.டி. ரயிலிலோ சொந்த சைக்கிளிலோ போகும்போது நடந்தால் பொருந்தாது. பட்டுக்கோட்டைக்காரர் நான்கு மாதம் 'எம்.ஓ.எம். கேஸ் ஓடிக்கிட்டிருக்கு' என்று நம்பிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கேஸே இல்லை. யாரோ விடுதியில் சொன்னதை நம்பியிருக்கிறார். அவருக்கு இருந்த ஒரே வழி, கார் ஓட்டியவர் மீது சிவில் வழக்கு. பணம் கொடுக்கப்போவது அந்தக் காரின் காப்பீட்டு நிறுவனம். அடிபடும் மூன்றாம் நபருக்கான காப்பீடு இங்கே எல்லா மோட்டார் வண்டிக்கும் கட்டாயம்.

சைக்கிள்காரர் வழக்கில் என்னை அலைக்கழித்தது ஒரே ஒரு வாக்கியம். பாதசாரிகள் கடக்கும் சிக்னலில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்திருக்கிறார். அவர் கடக்கத் தொடங்கியபோது, கடக்கலாம் என்று காட்டும் பச்சை மனித உருவ விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நடுவில் வந்தபோது மினுக்க ஆரம்பித்தது. மினுக்கும்போது கடந்து முடிக்கலாம், புதிதாக இறங்கத்தான் கூடாது. மருத்துவமனையில், ஆபரேஷனுக்கு மறுநாள், வலி மருந்து ஏறிய நிலையில் போலீஸ் வாக்குமூலம் எடுத்தார்கள். அவர் தமிழில் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். தாளில் கடைசியில் இருந்தது: 'பச்சை மினுக்கிக்கொண்டிருந்தபோது கடந்தேன்.' கடக்கத் தொடங்கினேன் என்றும் அதைப் படிக்கலாம், கடந்துகொண்டிருந்தேன் என்றும் படிக்கலாம். எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் முதல் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டது. தப்பில் பங்கு உங்களுக்கும் உண்டு, ஆகவே தொகையைக் குறைக்கிறோம் என்றார்கள். பின்னால் வந்த வாகனத்தின் டேஷ்கேமரா பதிவு கிடைத்திராவிட்டால் நானும் குறைத்துத்தான் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அதனால் ஒன்று சொல்வேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன் தமிழில் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை, போலீசும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மயக்கமாக இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்வதிலும் தப்பில்லை. அன்றைக்கு அரைகுறையாகச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். சாட்சி சொல்ல யாராவது இருந்தால் அவருடைய சிங்கப்பூர் எண்ணோடு ஊர் எண்ணையும் வாங்குங்கள். இங்குள்ள சிம் அவர் ஊருக்குப் போன மறுமாதம் செத்துப்போகும். வண்டி எண்ணைப் படம் எடுங்கள், அது முடியாவிட்டால் கூட வந்தவரை எடுக்கச் சொல்லுங்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியாக இருந்தாலும் வழி அடைபடவில்லை. மோட்டார் வாகனக் காப்பீட்டாளர் அமைப்பு ஒன்று இப்படிப்பட்ட வழக்குகளுக்காகவே இருக்கிறது. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது போலீஸ் ரிப்போர்ட்டைத்தான்.

மருத்துவமனை பில் உங்கள் பெயரில் வந்தால் பதறாதீர்கள். வேலை அனுமதியில் இருப்பவருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. 2023 ஜூலை 1 முதல் அது வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வேலையில் அடிபடவில்லை என்றாலும் இது உண்டு. சைக்கிள்காரரை "நீ லீவு நாள்ல அடிபட்ட, எங்களுக்கு சம்பந்தமில்ல" என்று அனுப்பப் பார்த்தார்கள். சம்பந்தம் இருக்கிறது. இரண்டு கடிதம் போட்டதும் பில் கட்டப்பட்டது.

சரி, லாரிக்காரர் கதைக்கு வருவோம். அவருக்கு இரண்டு வழி திறந்திருந்தது. அதனாலேயே சிக்கலும் அதிகம்.

ஒன்று எம்.ஓ.எம். வழி. இதில் யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சிகிச்சைச் செலவு, எம்.சி. நாட்களுக்குச் சம்பளம், உடலில் நிரந்தரக் குறை இருந்தால் ஒரு தொகை. எம்.சி. சம்பளம் முதல் 14 நாளுக்கு முழுதாக வரும், மருத்துவமனையில் தங்கிய நாட்கள் என்றால் 60 நாள் வரை முழுதாக. அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வருடம் வரை. இன்னொன்று சிவில் வழக்கு. இதில் தப்பு யாருடையது என்று காட்ட வேண்டும், ஆனால் வலிக்கும் வேதனைக்கும், போன சம்பளத்துக்கும், இனி இழக்கப்போகும் வருமானத்துக்கும் தனித்தனியாகக் கேட்கலாம். ஒரே காயத்துக்கு இரண்டிலும் வாங்க முடியாது. எம்.ஓ.எம். கோரிக்கைக்கு விபத்து நடந்து ஒரு வருடம் அவகாசம், சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 வருடம். சாலை விபத்து வழக்கென்றால் மாவட்ட நீதிமன்றமே 500,000 வெள்ளி வரை விசாரிக்கும், உயர் நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் சொல்ல மாட்டேன். ஆனால் லாரியின் பின்னால் உட்கார்ந்து வந்த பயணிக்கு என் கணிப்பு இது: விரல் முறிவு, சின்னத் தையல் என்றால் எம்.ஓ.எம். வழி போதும், சீக்கிரம் முடியும். முதுகெலும்பு, இடுப்பு, தலை என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்து வந்தவர் மேல் தப்புச் சொல்வது கடினம். லாரி ஓட்டியவர் தப்பு, அல்லது எதிரே வந்தவர் தப்பு, இரண்டில் ஒன்று. அப்படிப்பட்ட வழக்கில் தப்பை நிரூபிப்பது பெரிய மலையல்ல.

லாரிக்காரர் எம்.ஓ.எம். வழியிலேயே போனார். வீட்டில் தங்கை கல்யாணம், காத்திருக்க முடியாது. அது அவர் முடிவு, மதிக்கிறேன். ஆனால் வந்த கணக்கீட்டுத் தாளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மாதச் சம்பளம் 700 வெள்ளி என்று போட்டிருந்தது.

இந்தத் தொகையைக் கணக்கிடும் முறை சிக்கலானதல்ல. விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரிச் சம்பளம், அதை வயதுக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்கி, மருத்துவர் கொடுத்த குறை சதவீதத்தை எடுக்க வேண்டும். 40 வயது வரை நிரந்தரக் குறைக்கான பெருக்கெண் 181. அவருக்கு வயது 34, குறை 10 சதவீதம். 700 என்றால் 12,670 வெள்ளி வரும். ஆனால் அவர் மாதாமாதம் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) செய்தவர். ஓ.டி. சம்பளமும் சராசரியில் சேரும். பே ஸ்லிப்பை எல்லாம் கூட்டிப் பார்த்தால் சராசரி 1,100. அப்படியென்றால் 19,910. ஒரு எண்ணை மாற்றிப் போட்டதில் 7,240 வெள்ளி காணாமல் போயிருந்தது. கம்பெனி வேண்டுமென்றே செய்ததா, கணக்குப் பெண் ஒப்பந்தத்தில் இருந்த அடிப்படைச் சம்பளத்தை அப்படியே அடித்துவிட்டாளா, எனக்குத் தெரியாது. ஆட்சேபம் எழுதினோம், திருத்தினார்கள். அவரிடம் 12 பே ஸ்லிப்பும் போனில் படமாக இருந்தது. அது இல்லாமல் வரும் தம்பிகள்தான் அதிகம்.

கணக்கீட்டு அறிவிப்பு கையில் வந்த நாளிலிருந்து ஆட்சேபத்துக்கான நாட்கள் ஓடத் தொடங்கும், அவகாசம் குறைவு. கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு 'அப்புறம் பார்ப்போம்' என்று இருக்காதீர்கள். வந்த அன்றே படம் எடுத்து யாருக்காவது அனுப்புங்கள். உச்சவரம்பும் உண்டு: 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு நிரந்தரக் குறை என்றால் 346,000 வெள்ளி, இறப்பு என்றால் 269,000, சிகிச்சைச் செலவு 53,000.

முதலாளி எம்.ஓ.எம்.முக்குச் சொல்லவே இல்லை என்றால் நீங்களே கோரிக்கை போடலாம். "ரிப்போர்ட் பண்ணா உன் பர்மிட்டை கேன்சல் பண்ணிடுவேன்" என்று சூப்பர்வைசர் சொன்னதாக வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார். பர்மிட் ரத்தானாலும் கோரிக்கை ரத்தாகாது. வழக்கு முடியும் வரை தங்க எம்.ஓ.எம். ஸ்பெஷல் பாஸ் கொடுக்க முடியும். அதில் பொதுவாக வேலை பார்க்க முடியாது, அந்த மாதங்கள் கஷ்டமானவைதான். வெளிநாட்டு ஊழியர் நிலையம், டி.டபிள்யூ.சி.2, ஹோம், ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் இந்த நிலையில் இருப்பவர்களுக்கு உதவி செய்கின்றன. அங்கே போய்ப் பேசுவதில் வெட்கமில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலும் விடுதி வாசலிலும் கார்டு நீட்டுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எங்க லாயர்கிட்ட வாங்க, ஒண்ணும் தர வேணாம், ஜெயிச்சதும் முப்பது பர்சென்ட்" என்பார்கள். இழப்பீட்டு வழக்கில் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது சிங்கப்பூர் வழக்கறிஞருக்குத் தடை. அப்படிப் பேசும் ஆள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று அர்த்தம். எழுத்தில் கட்டண ஒப்பந்தம் கேளுங்கள், எழுதித் தராதவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். இப்படிச் சொல்வதற்காகச் சக தொழில்காரர்கள் சிலர் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

காயம் ஆறும் முன்பே கம்பெனி டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் என்ன செய்வது? ஊருக்குப் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மனைவி, குழந்தை, வலி எல்லாம் இருக்கிறது. ஆனால் குறையின் சதவீதத்தை மருத்துவர் தீர்மானிப்பது, இனி பெரிய மாற்றம் வராது என்ற நிலைக்குக் காயம் வந்த பிறகுதான். அதற்கு முன் போய்விட்டு ஊரில் கிடைத்த எக்ஸ்ரேயை வாட்ஸாப்பில் அனுப்பினால் யாரும் ஏற்க மாட்டார்கள். போவதென்றால் வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, மருத்துவமனைப் பதிவு எண், போலீஸ் ரிப்போர்ட் எண், எம்.சி. எல்லாவற்றின் நகலோடு போங்கள். சிவில் வழக்கில் இன்னொன்றும் வரும். பர்மிட் முடிந்ததும் இவர் ஊருக்குத்தானே போவார், எதிர்கால வருமானத்தை அங்கத்திய சம்பளத்தில் கணக்கிடுங்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். எத்தனை முறை பர்மிட் புதுப்பிக்கப்பட்டது, முதலாளி என்ன சான்று கொடுத்தார் என்பதெல்லாம் அப்போது உதவும்.

ஆள் இறந்துவிட்ட வழக்குகளில் சண்டை போடுவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தோடு இல்லை, காகிதத்தோடு. மன்னார்குடிப் பக்கம் ஒரு குடும்பம். மகனின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, அம்மாவின் ஆதாரில் கணவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது, பள்ளிச் சான்றில் இனிஷியல் மட்டும். மூன்றும் ஒரே குடும்பம் என்று இங்கே காட்ட வேண்டும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, பிறகு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான சான்று. சிங்கப்பூர் 2021 செப்டம்பரில் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்ததால் முன்பைவிட ஒரு படி குறைந்தது, நல்லதாயிற்று. ஆனால் தாலுகா ஆபீஸ் படிகள் குறையவில்லை. அந்த அம்மா என்னிடம் போனில் ஒருமுறை கேட்டார்: "அவன் பேரை நாந்தான வச்சேன், நான் அவன் அம்மான்னு யாருகிட்டம்மா கேக்கணும்?" அடுத்த வாரம் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பினார். அதிலும் இனிஷியல் தப்பாக இருந்தது. திருத்தி வாங்கச் சொல்லிவிட்டு, இங்கே நான் காப்பீட்டு நிறுவனத்திடம் இன்னும் மூன்று வாரம் கேட்டு எழுதினேன்.